செய்யுளடியும் கணிப்பொறியின் வெற்றிடமும்

ஓலைச்சுவடியில் செய்யுளுக்கு அடிபிரிப்பு இல்லை. ஏடு முடியுமிடத்தில் எழுத்து அடுத்த வரிக்குச் சென்றது. யாப்பறிந்தோர் சீரும் தளையும் கொண்டு அடியை உணர்ந்தனர். அடியைக் கண்ணுக்குப் புலனாக்கியது அச்சுக்கலை. இந்நாளில் ஆசிரியர்கள் கணிப்பொறியில் பாடத்தாள் ஆக்குங்கால் அவ்வடிபிரிப்பு மீண்டும் மறைந்துபோவதைக் காண்கின்றோம். அதன் காரணத்தை ஈண்டு நோக்குவோம்.

வலைப்பக்கங்கள் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் அமைவன. அதில் வெற்றிடம் ஒன்று இடினும் பத்து இடினும் திரையில் ஒன்றாகவே சுருங்கும். வரிமுறிவும் ஒரு வெற்றிடமாகவே கொள்ளப்படும். உரைநடைக்கு இது நன்மையே. திரையின் அகலத்திற்கேற்ப வரிகள் தாமே மடங்கும். அக்குறிகளை நேரே எழுதுதல் அயர்வு தருவது. ஆதலின், 2004ஆம் ஆண்டில் ஜான் குரூபர் என்பார் மார்க்டவுன் என்னும் எளிய முறையை வெளியிட்டார். அதில் ஒரு வரியை வெறுமையாக விட்டால் புதிய பத்தி பிறக்கும். வெறுமனே அடுத்த வரிக்குச் சென்றாலோ, இரு வரியும் ஒன்றாக இணைந்துவிடும். குறளின் ஈரடியும் ஓரடியாவது இவ்வாறே.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. கல்வி அதிகாரத்தினின்று 391, 396, 400 ஆகிய குறள்களை மட்டும் தெரிந்து, எண்ணும் புள்ளியும் முன்னிட்டு ஓர் ஆசிரியர் எழுதுகின்றார் எனக் கொள்வோம். மார்க்டவுன் அவற்றை வரிசைப் பட்டியல் எனக் கருதும். பழைய செயலி 1, 2, 3 என எண்ணிடும். 2014இல் வெளிவந்த காமன்மார்க் என்னும் வரையறையைப் பின்பற்றும் செயலிகள் முதலெண்ணை மதித்து 391, 392, 393 என இடும். முன்னதன் பிழை உடனே கண்ணிற்படும். பின்னதோ மெய்போல் நிற்கும். மாணாக்கன் 396ஆம் குறளை 392 என்றே மனத்திற் கொள்வான். எண்ணுக்கும் புள்ளிக்கும் இடையே ஒரு பின்சாய்கோடு இட்டால் இத்தீங்கு நேராது. எண்ணைக் குறளின் இறுதியில் வைத்தல் இன்னும் எளிது; நம் அச்சு நூல்களிற் பலவும் அங்ஙனமே செய்கின்றன.

அடியைக் காக்க வழிகள் சில உள. அடியிறுதியில் இரண்டு வெற்றிடம் இடுக என்பது மூல விதி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்புவது எனக்கு உடன்பாடன்று. எழுதுசெயலிகள் சில, சேமிக்கும்போதே அவ்வெற்றிடங்களைத் துடைத்துவிடுகின்றன. காமன்மார்க் வழியில் அடியிறுதிப் பின்சாய்கோடே போதும். பாட்டு முழுவதையும் நான்கு வெற்றிடம் உள்தள்ளி எழுதுவாரும் உளர். அடி காக்கப்படுமாயினும், செயலி அதனை நிரல் எனக் கொண்டு வரிகளை மடங்கவிடாது. நீண்ட அடி திரைக்கு வெளியே ஓடிவிடும்.

கைப்பேசியில் வேறோர் இடர். குறளின் நாற்சீரடி குறுகிய திரையில் மடங்க, குறள் மூவடிபோல் தோன்றும். அதற்கு நடைத்தாளில், அதாவது சி.எஸ்.எஸ். கோப்பில், பத்தியின் இடப்புறத்தே இடம்விட்டு, ஒவ்வோர் அடியின் தொடக்கத்தை மட்டும் வெளியே இழுத்து வைத்தல் வேண்டும். அடிதோறும் தனிப்பத்தி அமைத்தாலே இது கைகூடும். மடங்கிய சீர் உள்ளே தள்ளி நிற்கும். அஃது அடுத்த அடியன்று என்பதை மாணாக்கர் கண்டவுடன் அறிவர்.