கொம்போசு (மென்பொருள்)

கொம்போசு என்பது டாக்கர் கம்போசுக்காக எழுதப்பட்ட அமைவடிவக் கோப்புகளைக் குபர்நெட்டிசுக் கொத்தில் நிறுவத்தக்க கோப்புகளாக மாற்றித்தரும் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். இது கோ நிரலாக்க மொழியில் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் இரு பெயர்களும் ஒன்றுபோலவே ஒலிக்கும். குபர்நெட்டிசின் முதலெழுத்தை ஏற்றுக்கொண்டதே வேறுபாடு.

பின்னணி

ஒரு செயலியையும் அதற்குத் தேவையான நிரலகங்களையும் சேர்த்துப் பொதிந்து, எக்கணினியிலும் ஒரே வகையில் இயக்க உதவுவது கொள்கலன் எனப்படும். 2013 இல் வெளியான டாக்கர் இம்முறையைப் பரவலாக்கியது. பல கொள்கலன்களை ஒரு கணினியில் சேர்த்து இயக்க டாக்கர் கம்போசு பயன்படுகிறது. குபர்நெட்டிசோ பல கணினிகளைக் கொண்ட கொத்தில் அவற்றைப் பகிர்ந்து இயக்குவது. கூகுள் இதனை 2014 இல் அறிவித்தது. இரண்டின் கோப்புகளும் யாமல் வடிவிலேயே எழுதப்படுகின்றன. எனினும் ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்கு விளங்காது. இந்த இடைவெளியை நிரப்பக் கொம்போசு 2016 இல் ஸ்கிப்பாக்சு நிறுவனத்தில் உருவானது. இதன் 1.0 பதிப்பு 2017 இல் வெளியானது.

மாற்றும் முறை

கம்போசு கோப்பு உள்ள அடைவில் 'கொம்போசு கன்வர்ட்' என்ற கட்டளையை இட்டால் போதும். கோப்பில் உள்ள சேவை ஒவ்வொன்றுக்கும் பொதுவாக ஒரு 'டிப்ளாய்மென்ட்' கோப்பும், துறை எண் குறிக்கப்பட்டிருந்தால் ஒரு 'சர்வீசு' கோப்பும் கிடைக்கும். சேமிப்பிடங்கள் நிலைத்த சேமிப்புக்கான கோரிக்கைகளாக மாறும்.

மாற்றத்தில் விடுபடுபவை

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் பேருந்துகளின் நேரங்களைக் காட்டும் வலைத்தளம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பக்கங்களைத் தருவது ஒரு கொள்கலன். நேரங்களை வைத்திருக்கும் தரவுத்தளம் மற்றொன்று. கம்போசில் இரண்டும் ஒரே வலையமைப்பில் இருப்பதால், தரவுத்தளத்துக்குத் துறை எண் குறிக்காவிட்டாலும் முதலாவது அதனைப் பெயர்சொல்லி அழைக்கும். குபர்நெட்டிசில் அவ்வாறு அழைக்க 'சர்வீசு' தேவை. துறை எண் இல்லாத சேவைக்குக் கொம்போசு அதனை உருவாக்குவதில்லை. ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டும். அதைக் கவனியாமல் நிறுவினால் தளம் திறக்கும், ஆனால் ஒரு பேருந்தும் தென்படாது.

பெயரில் அடிக்கோடு இருந்தாலும் இதே நிலைதான். குபர்நெட்டிசு அதனை ஏற்காததால் கொம்போசு இடைக்கோடாக மாற்றிவிடும். செயலியின் அமைப்பில் உள்ள பழைய முகவரியோ அப்படியே இருக்கும்.

தரவு இழப்புக்கு இடமளிப்பது சேமிப்பிடமே. தரவுத்தளம் கணினியின் ஓர் அடைவில் எழுதிவந்திருந்தால், கொம்போசு அந்த அடைவின் பாதையைப் புறக்கணித்து, இயல்பாக 100 மெபிபைட்டு அளவுள்ள வெற்றுச் சேமிப்பிடத்தைக் கோரும். நேரப்பட்டியல் பழைய கணினியிலேயே தங்கிவிடும். தரவுகளைத் தனியே படியெடுத்து ஏற்றிய பின்னரே பழையதை அழித்தல் வேண்டும்.

கொள்கலன்களைத் தொடங்க வேண்டிய வரிசை குறித்த குறிப்பும் மாற்றத்தில் மறையும். தரவுத்தளத்துக்கு முன்பே தொடங்கி நின்றுபோகும் செயலியைக் குபர்நெட்டிசு மீண்டும் மீண்டும் இயக்குவதால் இது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். கடவுச்சொற்கள் அவ்வாறல்ல. சூழல் மாறிகளாகக் கோப்பிலேயே எழுதப்பட்டவை புதிய கோப்பிலும் வெளிப்படையாகவே இருக்கும். அவற்றைச் 'சீக்ரெட்' என்னும் பொருளுக்குக் கையால் மாற்றவேண்டும்.

நிறுவுதல்

கொள்கலனின் படிமம் சொந்தக் கணினியில் கட்டப்பட்டதாயின், கொத்தின் கணினிகள் எட்டக்கூடிய பதிவகம் ஒன்றில் அதனை முதலில் ஏற்றவேண்டும். பின்னர் 'குபெக்டல் அப்ளை' கட்டளையால் கோப்புகள் கொத்துக்குத் தரப்படும். முன்னைய பதிப்புகளில் கொம்போசே நேரடியாக நிறுவும் கட்டளையும் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. மாற்றிய கோப்புகளைக் கையால் திருத்தியபின் அதே அடைவில் மீண்டும் மாற்றினால், திருத்தங்கள் மேலெழுதப்பட்டுவிடும்.