இரண்டு பட்டியல்கள்: முன்குறித்தல் பற்றிச் சில குறிப்புகள்

பந்தலூர்ப் பக்கம் ஒரு டான்டீ லைன் வீட்டில் துக்க ஜெபம். கூட்டம் கலைந்தபின் வாசற்படியில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்: "என் பேரு எத்தனையோ லிஸ்ட்டுல விட்டுப்போச்சு தம்பி. அவரு லிஸ்ட்டுல மட்டும் ஒலகம் உண்டாகறதுக்கு முந்தியே இருக்கு." நம்முடைய முற்போக்குப் பழக்கத்தில் இதைத் 'தலைவிதி நம்பிக்கை' என்று ஒதுக்கிவிட்டு வந்திருப்பேன். ஏனோ முடியவில்லை.

தமிழ் விவிலியத்தில், ரோமர் 8ஆம் அதிகாரத்திலும் எபேசியர் முதல் அதிகாரத்திலும் வருகிற சொல் 'முன்குறித்தல்'. நம் காதில் அது உடனே தலையெழுத்தாக விழுகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வினைக்கோட்பாடு ஒரு கணக்குப் பேரேடு. முன்பு செய்ததற்கு இப்போது பலன். எனவே உன் சாதியும் வறுமையும் நீ சம்பாதித்தவை. முன்குறித்தல் இந்தப் பேரேட்டையே கிழித்துப் போடுகிறது. செயலோ பிறப்போ தகுதியோ பார்க்காமல் கடவுள் தேர்ந்துகொள்கிறார் என்பதுதான் அதன் சாரம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியஸுக்கு எதிராக அகஸ்டின் வாதாடியது இதற்காகவே. நம்மிடம் இதற்கு உறவு தேடினால் ஊழை விட, தென்கலையார் சொல்லும் பூனைக்குட்டிதான் நெருக்கம். குட்டி எதையும் பற்றிக்கொள்வதில்லை. தாய்தான் கவ்விக்கொண்டு போகிறது.

இக்கோட்பாட்டோடு அதிகம் சேர்த்துப் பேசப்படும் கால்வின் ஓர் அகதி. 1530களில் பிரான்ஸை விட்டு ஓடியவர். ஜெனீவாவில் இத்தனை காலம் வாழ்ந்தும் அந்நகரின் குடியுரிமை 1559 டிசம்பரில்தான் கிடைத்தது. அவருடைய பெருநூலின் இறுதி லத்தீன் பதிப்பு வந்ததும் அதே ஆண்டில். அவர் பிரசங்கம் கேட்டவர்களில் கணிசமானோர் அவரைப்போல ஓடிவந்தவர்கள். அரசு பறிக்க முடியாத ஒரு பதிவு தமக்கு உண்டு என்பது ஓடுகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வரலாற்றாசிரியர் ஹைக்கோ ஓபர்மான் கவனப்படுத்தியிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் பாட்டியின் பேச்சு எனக்குத் திறந்தது. 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். பார்த்தார்கள், 1974இல் ஆளுக்குப் பாதி. பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இப்படி வந்தவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசு தொடங்கியதுதான் டான்டீ தோட்டங்கள். செக்ரோல், பாஸ்போர்ட், முகாம் அட்டை என்று வாழ்க்கை முழுக்கப் பிறர் எழுதிய பட்டியல்களுக்குள் கிடந்தவர் அந்தப் பாட்டி. கால்வின் பெயரை அவர் கேட்டிருக்கவே மாட்டார். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலோ கால்வின் வழி வந்தோரும், இக்கோட்பாட்டைக் கடுமையாக வெறுத்த வெஸ்லியின் வழி வந்தோரும் ஒன்றாகவே இருக்கிறார்கள். பாட்டிக்கு அந்தச் சண்டை தேவைப்படவில்லை. எதிர்ப்பட்டியல் ஒன்றுதான் தேவைப்பட்டது.

ஆனால் தேர்ந்தெடுத்தல் என்றால் தள்ளுதலும் உண்டுதானே? கால்வின் இதை மழுப்பவில்லை. இரண்டும் கடவுளின் ஆணை என்றே எழுதினார். நம்பிக்கை நச்சாகிற இடம் இது. நான் தேர்ந்தெடுக்கப்பட்டவன்தானா என்ற பதற்றம் ஓயாத உழைப்பாக மாறி, தொழில் வெற்றியே அருளின் அடையாளமாகிவிட்டதை மாக்ஸ் வேபர் 1904-05இல் விளக்கினார். துரை வாசித்தால் லாபம் அருளாகிவிடும். லைனில் வாசித்தால் அதே பிரதி வேறொன்றைப் பேசும். தள்ளப்பட்டவர் பட்டியலை எழுதும் உரிமை எந்த மனிதருக்கும் இல்லை என்பதுபோல் 1942இல் கார்ல் பார்த் இக்கோட்பாட்டைத் திருப்பிப்போட்டார்: தேர்ந்தெடுக்கப்பட்டவரும் தள்ளப்பட்டவரும் கிறிஸ்துவே. இந்த வாசிப்பில்தான் அந்நம்பிக்கை எல்லோருக்குமானதாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இருந்தும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: மேலே பேர் இருந்தால் கீழே போராடுவானேன்? 2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு ஆணையிட்டபோது அந்தப் பாட்டி மனுவில் கைநாட்டு வைக்கப் போயிருந்தார். இதைக் கேட்டேன். "அது அவரு எழுதினது, யாரு அழிக்கிறது? இத இவங்கதான எழுதுறாங்க. இதுக்கு நாமதான போவணும்" என்றார்.