விலையின்மையும் கட்டின்மையும்

நுழையும் முன்

கடைத்தெருவில் வாங்கிய பொருள்கள் பல இன்று இணைய அங்காடியின் வழியே வீட்டு வாசலுக்கு வருகின்றன. மென்பொருளோ வாசலுக்குக்கூட வருவதில்லை. நேரே கணினிக்குள் இறங்கிவிடுகிறது. அவற்றுள் ஒரு வகை, எல்லாருக்கும் உரிமை தருவது. அதனை அங்காடியில் பெறுவோர் அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மகளின் கேள்வி

பணியின் பொருட்டுப் புணே நகரில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அவ்வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு மாணவி. அவள் தமிழில் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்து பள்ளியில் அளிக்க வேண்டியிருந்தது. வீட்டுக் கணினியில் அதற்குரிய மென்பொருள் இல்லை. தந்தை பெரிய இணைய அங்காடி ஒன்றில் தேடினார். ‘முழுமையான அலுவலகத் தொகுப்பு’ என்னும் பெயரில் ஒரு மென்பொருள் 600 ரூபாய்க்கு இருந்தது. பணம் செலுத்திப் பதிவிறக்கினார். கட்டுரையும் முடிந்தது.

அம்மென்பொருளின் திரைப்படிமத்தை மகள் பள்ளியில் காட்டியபோது, கணினி ஆசிரியர் அதனை உடனே இனங்கண்டார். அது ‘லிப்ரே ஆபீஸ்’. அதன் சொந்த இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் விலையின்றிப் பெறலாம்.

“நாம் ஏமாந்துவிட்டோமா அப்பா?” என்று மகள் கேட்டாள். தந்தையால் உடனே விடை சொல்ல இயலவில்லை.

இரண்டு சொற்கள்

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல், விலை இல்லாததையும் குறிக்கும். தடை இல்லாததையும் குறிக்கும். தமிழில் இக்குழப்பம் இல்லை. விலை இல்லாதது ‘இலவசம்’. தடை இல்லாதது ‘கட்டற்றது’. லிப்ரே ஆபீஸ் போன்றவை ‘கட்டற்ற மென்பொருள்’ எனப்படும். ‘திறமூல மென்பொருள்’ என்னும் பெயரும் வழக்கில் உண்டு.

ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் சாம்பார்ப் பொடியைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். பொடி மட்டும் வந்தால், அது தீர்ந்ததும் மீண்டும் பாட்டியைத்தான் கேட்க வேண்டும். மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்னும் அளவும் உடன் வந்தால், வீட்டிலேயே அரைக்கலாம், காரத்தைக் குறைக்கலாம், அண்டை வீட்டாருக்கும் சொல்லித் தரலாம். மென்பொருளுக்கு அத்தகைய அளவுக் குறிப்பே ‘மூலநிரல்’.

கட்டற்ற மென்பொருள், பயன்படுத்துவோருக்கு நான்கு உரிமைகளை அளிக்கிறது.

1. எந்த நோக்கத்திற்கும் இயக்கும் உரிமை
2. மூலநிரலைப் படித்தறியும் உரிமை
3. படியெடுத்துப் பிறருக்கு அளிக்கும் உரிமை
4. தேவைக்கேற்ப மாற்றி, மாற்றியதையும் வெளியிடும் உரிமை

இவற்றுள் எதுவும் விலையைப் பற்றியதன்று. எனவே, இலவசமாகக் கிடைப்பதெல்லாம் கட்டற்றது ஆகாது. கட்டற்றதெல்லாம் இலவசமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

விற்பது முறையா?

அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு ‘க்னூ’ என்னும் திட்டத்தை அறிவித்துக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்திற்கு வித்திட்டார். தாம் உருவாக்கிய ‘ஈமேக்ஸ்’ என்னும் மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அவரே விற்றார். நாடாவை வாங்கியவர் அதனைப் படியெடுத்து நண்பருக்குக் கொடுக்கத் தடையில்லை.

பின்லாந்து மாணவர் லினசு டோர்வால்ட்சு 1991ஆம் ஆண்டு ‘லினக்சு’ கருவை வெளியிட்டார். அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பது அவர் முதலில் விதித்த கட்டுப்பாடு. நெகிழ்வட்டுகளில் படியெடுத்துக் கொடுத்தவர்களால் அந்தச் செலவைக்கூடப் பெற முடியவில்லை. 1992ஆம் ஆண்டு அவர் அக்கட்டுப்பாட்டை நீக்கி, லினக்சைக் ‘க்னூ பொது உரிமத்தின்’ கீழ்க் கொண்டுவந்தார். அவ்வுரிமத்தின்படி எவரும் விலை வைக்கலாம்; ஆனால், மூலநிரலைப் பெறும் வழியையும் பிறருக்கு அளிக்கும் உரிமையையும் வாங்குபவருக்கு மறுக்கக் கூடாது. லிப்ரே ஆபீஸின் உரிமம் வேறு. ஆயினும், மூலநிரல் கிடைக்கும் இடத்தை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதிலும் உண்டு.

அங்காடியில் பெறுதல்

உருவாக்கியவர்களே அங்காடியில் விற்பதும் உண்டு. லிப்ரே ஆபீஸை வளர்த்துவரும் ‘டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்’ 2022ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் மேக் அங்காடியில் அதற்கு 8.99 யூரோ கட்டணம் வைத்தது. அப்பணம் மென்பொருளின் வளர்ச்சிக்கே செலவிடப்படும் என்றும் அறிவித்தது. தன் இணையத்தளத்தில் எப்போதும்போல் விலையின்றியே வழங்கியது. ஓவியம் வரைவதற்கான ‘கிரிட்டா’ மென்பொருளும் அவ்வாறே தன் தளத்தில் விலையின்றியும் சில அங்காடிகளில் விலைக்கும் கிடைக்கிறது.

அங்காடியில் பெறுவதால் நன்மைகள் உண்டு. பல மென்பொருள்களை ஓரிடத்தில் பெறலாம். புதிய பதிப்புகள் தாமே வந்து சேரும். அதே வேளையில், அங்காடியில் கணக்குத் தொடங்கித் தன் விவரங்களைத் தர வேண்டியிருக்கும். அங்காடி என்றும் நிலைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அமேசான் நிறுவனம் ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான அங்காடியை 2011ஆம் ஆண்டு தொடங்கியது. தன் சொந்தக் கருவிகள் தவிர்த்த ஏனைய ஆண்ட்ராய்டு கருவிகளில் அச்சேவையை 2025 ஆகஸ்ட் 20 அன்று நிறுத்தியது. முன்பு பதிவிறக்கிய செயலிகள் தொடர்ந்து இயங்கும் என்று உறுதிகூற இயலாது எனவும் தெரிவித்தது.

கட்டற்ற மென்பொருளுக்கு இதனால் பேரிழப்பு இல்லை. ‘வி.எல்.சி.’ என்னும் காணொலி இயக்கி, 1996ஆம் ஆண்டு பாரிசு மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது. ஓர் அங்காடி மூடினாலும் அதனை உருவாக்கியோரின் தளத்தில் பெறலாம். மூலநிரல் பலரிடம் இருப்பதால், அத்தளமே மறைந்தாலும் மென்பொருள் மறையாது.

பதிவிறக்கும் முன்

முதலில், வெளியிடுபவர் பெயரைப் பார்க்க வேண்டும். உருவாக்கியோரின் தளம் குறிப்பிடும் அங்காடிப் பக்கமே நம்பத்தக்கது. இரண்டாவதாக, உரிமத்தின் பெயர் தெரிவிக்கப்பட்டுள்ளதா என நோக்க வேண்டும். மூன்றாவதாக, அதே மென்பொருள் உருவாக்கியோரின் தளத்தில் என்ன விலைக்குக் கிடைக்கிறது எனத் தேட வேண்டும்.

தளத்திலிருந்து நேரே இறக்குவோர் ‘சரிபார்ப்புக் குறியீட்டை’ ஒப்பிடலாம். அது கோப்பின் கைரேகை போன்றது. ‘எஸ்.எச்.ஏ. 256’ என்னும் முறையில் அது 64 குறிகள் கொண்டது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும்.

விடை

மகளின் கேள்விக்கு இப்போது விடை காணலாம். அம்மென்பொருளை விற்றது குற்றமன்று. அதன் உண்மைப் பெயரையும், அது தரும் உரிமைகளையும் வாங்குபவரிடம் மறைத்ததே குற்றம். அந்த 600 ரூபாயில் எவ்வளவு உருவாக்கியோருக்குச் சென்றது என்று அறியவும் வழியில்லை.

பணம் திரும்பவில்லை. ஆயினும், மகள் ஒரு செயல் செய்தாள். உருவாக்கியோரின் தளத்திலிருந்து லிப்ரே ஆபீஸைப் புதிதாக இறக்கி, விரலியில் படியெடுத்து, அதே குடியிருப்பில் உள்ள தோழியர் இருவருக்குக் கொடுத்தாள். அதன் பட்டியல்கள் தமிழிலும் தோன்றுமாறு அமைத்துக் காட்டினாள். மாற்றும் உரிமை இருந்ததால் தன்னார்வலர்கள் செய்த தமிழாக்கம் அது. படியெடுத்துக் கொடுத்ததற்கு யாரிடமும் அவள் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

சொல்லும் பொருளும்

அங்காடி – கடை
மூலநிரல் – மென்பொருள் உருவாக எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பு
உரிமம் – பயன்படுத்தும் முறையை வரையறுக்கும் ஆவணம்
விரலி – கோப்புகளைச் சேமிக்கும் சிறு கருவி

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. கட்டற்ற 2. விலையின்றி 3. மென்பொருள்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ‘இலவசம்’, ‘கட்டற்றது’ – வேறுபாடு யாது?
2. டோர்வால்ட்சு தம் முதல் கட்டுப்பாட்டை ஏன் நீக்கினார்?

இ. சிந்தித்து எழுதுக.
விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு விரும்பிப் பணம் அளிப்பது தேவையா? வீட்டில் உள்ளோருடன் தமிழில் உரையாடி, உன் கருத்தை எட்டு வரிகளில் எழுதுக.