வான்வழியும் சாலைவழியும்

திருமயிலை அருள்மிகு கபாலீசுவரரை வழிபட்டு, மதுரைக்கோ கோவையை அடுத்த பேரூருக்கோ புறப்படும் அன்பர்கள், இரண்டும் ஏறத்தாழ ஒரே தொலைவு என எண்ணுவதுண்டு. வான்வழியில் அது மெய்யே. சென்னையிலிருந்து இரு நகரங்களும் சுமார் 420 முதல் 430 கிலோமீட்டர். சாலையிலோ மதுரை சுமார் 460, கோவை 500க்கும் மேல்.

விழுப்புரமும் திருச்சிராப்பள்ளியும் சென்னை, மதுரை இடையிலான நேர்கோட்டிலேயே பெரும்பாலும் அமைந்திருத்தலால் அந்நெடுஞ்சாலை அதிகம் வளைவதில்லை. கோவைக்கான நேர்கோட்டிலோ கல்வராயன், சேர்வராயன் மலைகள் குறுக்கிடுகின்றன. ஆதலின் வாகனங்கள் உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர் வழியே சுற்றிச் சேலத்தை அடைகின்றன.

விமானம் பறக்கும் நேரம் ஒரு மணியளவே. எனினும் மீனம்பாக்கத்தில் காத்திருக்கும் நேரத்தையும், இறங்கியபின் திருக்கோயிலை அடையும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். உச்சிக்கால பூஜைக்குப்பின் நடை சாத்தப்பெற்றுவிடின், தரிசனம் மாலையில்தான்.