வஞ்சிரம் தேடினால் நெய்மீன் கிடைக்க வேண்டும்

பழவேற்காட்டு மீன் வந்திறங்கும் காலை நேரத்தில் மீஞ்சூர் கடைத்தெருவில் சற்று நின்று கவனியுங்கள். வந்தவர் மீன் பெயரைச் சொல்லும் முன்பே, "குழம்புக்கா, வறுக்கவா?" என்று மீன்காரம்மா கேட்டுவிடுவார். "ஏரி மீனா, கடல் மீனா?" என்று வாங்குபவர் திருப்பிக் கேட்பார். சாப்பிடப்போவது சின்னப் பிள்ளை என்றால், முள் குறைந்த கொடுவா கைக்கு வரும். பிள்ளை பெற்றவளுக்கு என்றால், பால் சுறா பக்கத்துக் கூடையிலாவது இருக்கிறதா என்று விசாரிப்பார். செவுளைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் பேரம்.

இணையக் கடையில் ஃபில்டர் செய்ய வேண்டிய வேலையும் இதுவே. ஆனால் அங்கே பெரும்பாலும் கிடைப்பது விலையும் தள்ளுபடியும்தான்.

டென்மார்க்கைச் சேர்ந்த பேமார்ட் ஆய்வு நிறுவனம், ஆட்களை இணையத்தில் பொருள் வாங்கச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று கூடவே இருந்து பார்க்கிறது. பொருள் பட்டியலும் ஃபில்டரும் சுமாரான தளங்களில், தேடியவர்களில் 67 முதல் 90 சதவீதம் பேர் பாதியிலேயே கைவிட்டார்கள். ஓரளவு சீரான தளங்களில் அது 17 முதல் 33 சதவீதம்தான். இத்தனைக்கும் இரண்டிலும் தேடியது ஒரே வகைப் பொருள்.

பெயர்ச் சிக்கல் இன்னொன்று. 2014-இல் அமெரிக்காவின் 50 பெரிய இணையக் கடைகளை அவர்கள் சோதித்தபோது, 70 சதவீதக் கடைகளில் கடை வைத்த பெயரையே அப்படியே தட்டினால்தான் பொருள் சரியாக வந்தது. 'ஹேர் டிரையர்' விற்கும் கடையில் 'புளோ டிரையர்' தேடியவர் ஏமாந்தார். நமக்கு இது இன்னும் பெரிய தொல்லை. சென்னையில் வஞ்சிரம் என்பது கன்னியாகுமரியில் நெய்மீன். மத்தி அங்கே சாளை. அயலை கேட்டவருக்குக் கானாங்கெளுத்தியை எடுத்துக் காட்டத் தெரியாத தேடல், சரக்கை வைத்துக்கொண்டே இல்லை என்கிறது.

ஃபிளிப்கார்ட் 2020 ஜூனிலும் அமேசான் அதே ஆண்டு செப்டம்பரிலும் தமிழுக்கு வந்தன. நல்ல காரியம். ஆனால் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. பெங்களூரு மைக்ரோசாப்ட் ஆய்வகத்தின் இந்திராணி மேதி குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தே இல்லாத படத் திரையிலும், பிரிவுக்குள் பிரிவு என்று அடுக்கிவைத்தால் அதிகம் படிக்காதவர்கள் வழி கண்டுபிடிக்கச் சிரமப்பட்டார்கள். அவர்கள் படிப்பைக் குறை சொல்லி என்ன பயன்? அடுக்கைத்தான் குறைக்க வேண்டும்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மடவை, கொடுவா, கிழங்கான், வெள்ளை இறால், நண்டு என்று சீட்டுகளில் எழுதி, வாங்குபவர் கையில் கொடுத்து, மனம்போலப் பிரித்து வைக்கச் சொல்வது. அவர் வைக்கும் குவியல்கள்தான் உங்கள் ஃபில்டர்.

மீன் செயலி கட்டுகிறவர்களே, அந்தச் சீட்டுகளோடு ஒரு நாள் மீஞ்சூருக்கு வாருங்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் இங்கே நிற்கும்.