ஒரு கட்டத்தில் இரண்டு பாடம்

எங்கள் பள்ளியின் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு இடங்களில் மட்டும் ஒரே கட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்டு இரண்டு பெயர் எழுதியிருக்கும். மேலே மறைக்கல்வி, கீழே நீதிபோதனை. மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு கோயிலை ஒட்டிய ஹாலுக்குப் போவார்கள். மற்றவர்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். அந்த மற்றவர்களுக்கு நான் டீச்சர்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் அருட்சகோதரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி. அரசு உதவி பெறுவது. ஆசிரியர் சம்பளம், பாடநூல், மதிய உணவு, பதினொன்றாம் வகுப்புக்கு மிதிவண்டி எல்லாம் அரசிடமிருந்து வரும். கட்டடம், நிர்வாகம், ஆசிரியர் நியமனம் சபையின் கையில். பாதிக்குச் சற்று மேல் மீனவர் வீட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைகள். மீதி உப்பளத்துக்கும் வாழைத்தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிறவர்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள். முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. நான் தமிழாசிரியை. மாரியம்மன் கோயில் தெருவில் வீடு.

வேலைக்குச் சேர்ந்தபோது என் மாமியார் முதலில் கேட்டது சம்பளத்தைப் பற்றி இல்லை. “வேதக்காரவுக பள்ளிக்கூடமாச்சே, ஒன்னையும் வேதத்துல சேத்துருவாகளோ?” என்றார். இன்றும் ஜூன் மாதச் சேர்க்கையில் ஏதாவது ஒரு பாட்டி இதையே சுற்றி வளைத்துக் கேட்காமல் இருப்பதில்லை. பதில் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தும் உரிமையை 30ஆம் பிரிவு தருகிறது. அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் நிறுவனத்தில் படிக்கும் யாரையும், அவர் சம்மதமில்லாமல், சிறுபிள்ளை என்றால் பெற்றோர் சம்மதமில்லாமல், மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது 28(3). அட்டவணையில் இருக்கும் குறுக்குக் கோடு அங்கிருந்து வந்ததுதான். பிள்ளை மறைக்கல்வியிலேயே உட்காரட்டும் என்று எழுதிக் கொடுக்கும் இந்துப் பெற்றோரும் அபூர்வமாக உண்டு. விசாரித்தால், பக்கத்து வீட்டுத் தோழியை விட்டுப் பிரியமாட்டேன் என்று பிள்ளை அழுதிருப்பாள்.

திருச்சபையும் தன் பக்கத்தில் இதை எழுதி வைத்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கரல்லாத மாணவர்கள் படிக்கும் பள்ளிகளையும் அருமையாகக் கருதுவதாகச் சொல்கிறது. 2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. பிற மதப் பிள்ளைகள் மேல் கிறிஸ்தவ வழக்கங்களைத் திணிக்காதீர்கள், தினமும் அரசியல் சட்டத்தின் முகப்புரையைச் சொல்ல வையுங்கள் என்பவை அதில் இருந்தன. முகப்புரை எங்கள் காலை வணக்கத்துக்கும் வந்தது. ‘இறையாண்மை’ என்ற இடத்தில் ஆறாம் வகுப்பின் நாக்கு சிக்கிக்கொள்ளும். ஆகவே அதுவும் தமிழ் டீச்சர் தலையில் விழுந்தது.

கோட்டுக்கு மேலே நடப்பதை நான் ஜன்னல் வழியாகத்தான் அறிவேன். சின்ன வகுப்புகளுக்குச் செபங்கள், பத்துக் கட்டளை, பைபிள் கதைகள். வகுப்பு ஏற ஏற ஏழு அருளடையாளங்கள், திருச்சபை வரலாறு, மனச்சான்று பற்றிய பாடங்கள். தேர்வும் உண்டு. இது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கில் தனியாக ஞானோபதேச வகுப்பு. நான்காம், ஐந்தாம் வகுப்பில் புதுநன்மைக்குத் தயாராகும் காலம்தான் பார்க்க வேடிக்கை. முதல் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என்ன சொல்வது என்று பிள்ளைகள் கூடிக் கூடிப் பேசுவார்கள். பாவம் கிடைக்காதவள் அடுத்தவளிடம் கடன் வாங்குவாள். ஒருத்தி என்னிடமே வந்தாள்.

“மிஸ், வீட்டுப்பாடத்தைப் பாத்து எழுதுனா அது பாவத்துல வருமா?”

“யாரு நோட்டைப் பாத்து எழுதுன?”

“அத சாமியார்ட்டதான் சொல்லணும் மிஸ்.”

இந்தக் கரையில் இந்த வகுப்புக்கு வயது அதிகம். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தவுடன், ஆட்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் பெயர்த்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கினார். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்லித்தரும் வேலையை அந்தப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தார். அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகள், 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கச் சிறு நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. இரண்டுமே ஞானோபதேசப் புத்தகங்கள். பத்தாம் வகுப்பில் இதைச் சொல்லும்போது கத்தோலிக்கப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மற்றவர்கள், “அப்ப அதுக்கு முன்னாடி புத்தகமே கிடையாதா மிஸ்?” என்பார்கள். ஓலைச்சுவடிக்குப் போவேன். அன்றைய பாடம் அதோடு சரி.

தமிழும் இந்தப் பள்ளிகளும் என்றால் எனக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றும். உலகத் தமிழ் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் தொடங்கிய தனிநாயகம் அடிகள், 1940களில் வடக்கன்குளத்தில் புனித தெரசா பள்ளியில் ஆசிரியராக இருந்தார். ரோமில் படித்துக் குருவானவர். ஆனாலும் தமிழை முறையாகக் கற்றது அங்கே, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம். அதே வடக்கன்குளத்தின் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிபட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்வேன். பெஞ்சில் கலந்து உட்காரும் பிள்ளைகள் சாப்பாட்டு மணி அடித்ததும் தெருவாரியாகப் பிரிந்து வட்டம் போடுவதை இப்போதும் பார்க்கிறேன். ஞானோபதேசமோ நீதிபோதனையோ அந்த வட்டத்தை முழுதாகக் கலைத்துவிடவில்லை.

கோட்டுக்குக் கீழே என்ன நடந்தது? நெடுங்காலம் எதுவுமே நடக்கவில்லை என்பதே உண்மை. மேலே பாடத்திட்டம், பரீட்சை, பரிசு எல்லாம் உண்டு. கீழே ஒரு நீதிக்கதைப் புத்தகம். அதையும் பிள்ளைகள் முதல் வாரமே படித்து முடித்துவிடுவார்கள். கணக்கு டீச்சருக்குப் போர்ஷன் முடியவில்லையா, நீதிபோதனையை எடுத்துக்கொள்வார். அறிவியல் டீச்சருக்கு ரெக்கார்டு நோட்டு திருத்த வேண்டுமா, அதுவும் நீதிபோதனையில்தான். கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். மத மாற்றம் என்று வெளியில் பேசுகிறார்களே, அதற்கு நேர் எதிரான குறை. தம் பிள்ளைகளுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள், மற்றப் பிள்ளைகளிடம் எதுவும் பேசாமல் இருப்பதே மரியாதை என்று நினைத்துவிட்டார்கள்.

மாற்றம் வந்தது அவர்களுடைய பெட்டியிலிருந்தேதான். இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கம் என்று ஒன்று இந்தப் பள்ளிகளில் உண்டு; வொய்.சி.எஸ். என்பார்கள். கார்டைன் என்ற பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் இளம் தொழிலாளர்களுக்காக வகுத்த முறையை அதில் பயன்படுத்துவார்கள்: முதலில் பார், பிறகு எது சரி என்று தீர்மானி, பிறகு செயல்படு. பிற மதப் பிள்ளைகளும் சேர வேறு பெயரில் அதற்கு ஒரு கிளை இருக்கிறது. அதன் கையேட்டை ஒரு சிஸ்டரிடம் வாங்கி, என் வகுப்பில், “இந்த வாரம் உங்களைக் கோபப்படுத்தின ஒண்ணைப் பாத்து எழுதிட்டு வாங்க” என்றேன். முக்கால்வாசிப் பேர் பஸ்ஸை எழுதியிருந்தார்கள்.

சாயந்தரம் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் கூட்டமாக நின்றால் டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்காது; கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். இவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் கிளம்பிவிடும். எந்த வண்டி, எத்தனை மணி, நின்றதா, எவ்வளவு தூரம் தள்ளி என்று ஒரு வாரம் நான்கு பிள்ளைகள் நோட்டில் குறித்தார்கள். தூரத்தை அடியால் அளந்தார்கள். ஒருத்தியின் அடிக்கும் இன்னொருத்தியின் அடிக்கும் வித்தியாசம் வந்து சண்டை. கடைசியில் ஹவாய் செருப்பு ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். கிளை மேலாளருக்கு மனு எழுதினார்கள். நான் திருத்தியது ஒற்றுப்பிழை மட்டுமே. அதற்குள் விஷயம் ஹாலுக்குப் போய்விட்டது. மறைக்கல்வி முடித்து வந்த பிள்ளைகள் வாசலில் மறித்தார்கள். “நாங்களும் அந்த பஸ்லதான மிஸ் வாறோம், எங்களை ஏன் சேக்கல?”

எச்.எம். சிஸ்டரிடம் போனேன். சற்று யோசித்துவிட்டு, “வாரத்துல ஒரு பீரியட் பிரிஞ்சு போகட்டும், இன்னொண்ணு எல்லாருக்கும் பொதுவா வச்சுக்கோங்க டீச்சர். மேல இருந்து கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்றார். மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கொஞ்ச நாள் பஸ் ஒழுங்காக நின்றது. பிறகு பழைய கதை. பிள்ளைகள் இரண்டாவது மனு எழுதினார்கள்.

படிப்பு விஷயத்தில் இந்தப் பள்ளிகளுக்கு இருக்கும் பேரைப் பற்றி ஊரில் நிறையப் பேசுவார்கள். கண்டிப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் பார்த்தவரை, அதைவிட வேலை செய்வது லீடர் முறை. ஐந்தாறு பேருக்கு ஒரு லீடர். காலையில் மாதா சிலை நிற்கும் கெபியைச் சுற்றியுள்ள படிகளில் குழுக் குழுவாக உட்கார்ந்து, மனப்பாடப் பகுதியை லீடரிடம் ஒப்பிக்க வேண்டும்; அவள் நோட்டில் டிக் போடுவாள். “மிஸ், இவ கடைசிச் சீரை முழுங்கிட்டு டிக் கேக்கா” என்று பஞ்சாயத்து வரும். மெதுவாகப் படிக்கும் பிள்ளையையும் அவ்வப்போது லீடராக்குவோம். அடுத்தவளைச் சரிபார்க்க வேண்டுமென்றால் தானும் படித்துத்தானே ஆக வேண்டும். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. சேசு சபையார் 1599இல் வெளியிட்ட கல்வித் திட்டத்திலேயே, மற்ற மாணவர்களின் பாடத்தைக் கேட்டுச் சரிபார்க்கும் மாணவத் தலைவர்கள் இருக்கிறார்கள். போர்டிங் பிள்ளைகளுக்கு இதோடு ராத்திரி ஸ்டடியும் உண்டு. கடலுக்குப் போகும் அப்பா, மீன் விற்கப் போகும் அம்மா, ஒற்றை அறை வீடு என்று இருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு மணி நேர வெளிச்சமும் அமைதியும் எந்த டியூஷனும் தராதது.

பள்ளி வாழ்க்கை இங்கே இரண்டு காலண்டர்களில் ஓடும். ஜூலை 26இல் தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழும். அக்டோபரில் கெபி முன்னால் ஜெபமாலை. டிசம்பரில் வகுப்புவாரியாகக் குடில் போட்டி; புல்லும் வைக்கோலும் கொண்டுவருவது கடற்கரைப் பிள்ளைகளால் முடியாது, தோட்டத்துப் பக்கப் பிள்ளைகள் வேண்டும். ஜனவரியில் பொங்கல். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு ஒருத்தி, பக்கத்தில் திருநீற்றோடு ஒருத்தி என்று பெஞ்சு நிறைந்திருக்கும். பொதுத்தேர்வு வந்துவிட்டால் கெபியில் அதிகம் மெழுகுவர்த்தி ஏற்றுவது என் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள்தான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மாதா தினம் பார்க்கிற ஆள், அவசரம் இல்லை.

சிஸ்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அதே சம்பளம் வாங்குகிறார்கள். ஆனால் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் என்பதால் பணம் சபைக்குப் போய்விடும். தங்களுடையதில்லாத பணத்துக்கு வரிப்பிடித்தம் ஏன் என்று நெடுநாள் வழக்கு நடந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சம்பளம் என்றால் வரி பிடித்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அன்று மதியம் இயற்பியல் சிஸ்டர் என்னிடம், “டீச்சர், அந்த ஃபார்ம் பதினாறை எப்படிப் படிக்கணும், சொல்லிக் கொடுங்க” என்று வந்து நின்றார்.

இப்போது எங்கள் கவலை வேறு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் நீண்டது. நல்ல சட்டம். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளிக்கு அது கிடையாது. எங்கள் பிள்ளைகளும் அதே உப்பளத்து, அதே கடற்கரைப் பிள்ளைகள்தான் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் மட்டும் 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் வந்தது. ஆனாலும் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் டி.சி. கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை.

போன ஜூனில் ஒரு அப்பா வந்தார். உப்பளத்தில் வேலை. மூத்த பிள்ளை ஐந்தாவது முடித்திருந்தாள்; லீடர்களில் கெட்டிக்காரி. டி.சி. வேண்டும் என்றார். சிஸ்டர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். “கோவிச்சுக்காதீக சிஸ்டர், புள்ள டாக்டராவணும்னு சொல்லுதா” என்றார் அவர். டி.சி.யில் கையெழுத்தானது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர், பின்னால் நின்ற சின்னவளை முன்னுக்கு இழுத்தார்.

“இவளை ஒண்ணாப்புல சேக்கணும். இப்பதான் காலைச் சாப்பாடும் இங்க போடுதாகளே.”

சிஸ்டர் சிரித்துக்கொண்டே விண்ணப்பப் படிவத்தை எடுத்தார்.