வாடிய வித்தையும் புதிய விளையாட்டும்

உழைப்பதற்கு மட்டுமன்றி விளையாடுவதற்கும் மனிதன் கருவி தேடுகின்றான். பம்பரமும் பந்தும் சதுரங்கக் காயும் அவ்வாறு தோன்றியவையே. இக்காலத்துப் பிள்ளைகளோ உள்ளங்கையளவான திரையொன்றை நோக்கி நெடுநேரம் விளையாடுகின்றனர். அது பொழுதை வீணாக்குவது என்று பெரியோர் பலர் கடிந்துரைப்பர். அக்கடிந்துரை முற்றும் தவறென்று நாம் வாதிக்க வரவில்லை. ஆயினும், அத்தகைய விளையாட்டுக் கருவிகளுள் ஒன்று பிறந்த வரலாறு மாணவர் அறியத்தக்கது என்பது நம் துணிபு. ஜப்பான் தேசத்து நிண்டெண்டோ கம்பெனியார் 1980 முதல் 1991 வரை வெளியிட்ட ‘கேம் அண்டு வாட்ச்’ என்னும் வரிசையே அது. விளையாட்டும் கடிகாரமும் என்பது அப்பெயரின் பொருளாம்.

நிண்டெண்டோ கம்பெனி 1889-ல் கியோத்தோ நகரிலே மலர்ச் சித்திரமிட்ட சீட்டுகளைச் செய்து விற்கும் கடையாகத் தொடங்கியது. 1965-ல் குன்பெய் யோகோய் என்னும் இளைஞர் அங்கே வேலைக்கு அமர்ந்தார். அவர் அந்நகரத்துத் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுக் கல்வி பயின்றவர். அது 1875-ல் நீஜிமா ஜோ என்னும் கிறிஸ்தவப் பெரியார் நிறுவிய பள்ளியினின்றும் வளர்ந்தது. சீட்டுச் செய்யும் யந்திரங்களைப் பழுது பாராது காப்பதே யோகோய்க்கு வாய்த்த தொழில். ஓய்வு வேளையில் அவர் நீண்டு சுருங்கும் இடுக்கி போன்ற ஒரு விளையாட்டுப் பொருளைத் தமக்கென்று செய்து வைத்திருந்தார். தலைவர் ஹிரோஷி யமவுச்சி அதனைக் கண்டு, கடிந்து கொள்வதற்கு மாறாக, விற்பனைக்கு உரியதாக்குமாறு பணித்தார். 1966-ல் அது வெளிவந்து மிகுதியாக விலைபோயிற்று. அன்றுமுதல் யோகோய் விளையாட்டுப் பொருள்களை ஆக்குபவர் ஆனார்.

1970-க்குப் பின் கால்குலேட்டர் என்னும் கணக்குக் கருவியைச் செய்யும் கம்பெனிகளுக்குள் கடும்போட்டி மூண்டது. ஷார்ப் கம்பெனியார் 1973-ல் திரவப் படிகத் திரை பொருத்திய கருவியை வெளியிட்டனர். சில ஆண்டுகளில் அத்திரையும் அதனை இயக்கும் சில்லும் விலை வீழ்ந்து மலிந்தன. அவற்றுக்கு வேறு பயன் தேடவேண்டிய நிலையும் வந்தது. அக்காலத்தில் விரைவு ரயிலில் பிரயாணம் செய்த யோகோய், சலிப்புற்ற ஒருவர் தம் கால்குலேட்டரின் பொத்தான்களை வெறுமனே அழுத்திப் பொழுது போக்குவதைக் கண்டார். பெரியவர்களும் பிறர் அறியாமல் கைக்குள் மறைத்து விளையாடத்தக்க ஒரு சிறு கருவி இருப்பின் நலமன்றோ என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நாள் தலைவருடைய மோட்டார் வண்டியை ஓட்டிச் செல்ல நேர்ந்தபோது, பேச்சோடு பேச்சாக அதனைச் சொன்னார். சில நாட்களில் ஷார்ப் கம்பெனியாரோடு ஏற்பாடு முடிந்தது.

இனி அக்கருவி இயங்கும் விதத்தைக் கூறுவாம். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் என்னும் பொருள் உள்ளது. தகட்டின்மேல் எவ்வடிவத்தில் மின்வாய் பதிக்கப்பட்டிருக்கின்றதோ, மின்சாரம் ஊட்டியதும் அவ்வடிவம் மட்டும் கருமையாகத் தோன்றும். கால்குலேட்டரில் ஏழு சிறு கோடுகள் தோன்றியும் மறைந்தும் எல்லா எண்களும் உண்டாவது இம்முறையாலேயே. யோகோய் அக்கோடுகள் இருந்த இடத்தில் சிறு உருவங்களை வைத்தார். 1980 ஏப்பிரல் 28-ல் வெளிவந்த ‘பால்’ என்னும் முதற் கருவியில், ஒரு வித்தைக்காரன் பந்துகளை மேலே எறிந்து பிடிக்கின்றான். பந்து செல்லும் வழியெங்கும் தனித்தனிப் பந்துகள் முன்னரே பதிக்கப்பட்டுள்ளன. ஒன்று மறைய அடுத்தது தோன்றும். உண்மையில் எப்பந்தும் இடம்பெயர்வதில்லை. பெயர்வதாகக் கொள்வது நம் கண்ணே. ஆடுபவர் இரண்டு பொத்தான்களால் வித்தைக்காரன் கைகளை நகர்த்துவர். ஆட்டம் வரவரத் துரிதமாகும். பந்து தரையில் விழுந்தால் முடிந்துவிடும். ஆடாத வேளையில் அதே திரை மணி காட்டும். கால்குலேட்டருக்கு ஏற்பட்ட உறுப்புகளைக் கொண்டே ஆட்டமும் கடிகாரமும் கிடைத்தன.

இதனைத் தொடர்ந்து அகன்ற திரையுடையவும் வர்ணம் பூசியவும் வந்தன. 1982-ல் இரண்டு திரைகளை ஏடுபோல் மடித்து மூடும் கருவிகள் தோன்றின. அவற்றுள் ‘டாங்கி காங்’ என்பதில், நான்கு திசைக்கும் ஒரே பெருவிரலால் உருவத்தைச் செலுத்துமாறு கூட்டற்குறி வடிவான பொத்தானை யோகோய் அமைத்தார். இடம் சிறிதாயிருந்த இடுக்கணே இவ்வமைப்பைப் பிறப்பித்தது. பின்னர் வந்த விளையாட்டுக் கருவிகள் மிகப்பல அதனை மேற்கொண்டன. முட்டை பிடிக்கும் ‘எக்’ என்னும் ஆட்டத்தைப் பின்பற்றிச் சோவியத் நாட்டாரும் ஒரு கருவி செய்து பரப்பினர். 1991 வரை பரிசுக்கென்று வழங்கிய ஒன்றையும் சேர்த்து அறுபது ஆட்டங்கள் வெளிவந்தன. 4 கோடிக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின.

‘வாடிய வித்தையைப் பக்கவாட்டில் சிந்தித்தல்’ என்பது யோகோய் தம் கொள்கைக்கு இட்ட பெயர். புதிது புதிதென்று வியக்கப்படும் பொருள் விலையுயர்ந்தது. அதன் குறைகளும் முற்ற அறியப்படாதவை. பலர் கைபட்டுப் பழகி மலிந்த பொருளோ நம்பத்தக்கது. அதனை எவரும் எண்ணாத வேறொரு வேலைக்குத் திருப்புவதே திறமை என்பது அவர் கருத்து. 1989-ல் அவருடைய பிரிவினர் ஆக்கிய ‘கேம் பாய்’ இதற்கு மற்றொரு சான்று. போட்டிக் கருவிகள் வர்ணத் திரையோடு விளங்க, இதன் திரை வர்ணமற்றது. ஆயினும் விலை குறைவு. மின்கலமும் நெடுநேரம் நின்றது. அதுவே வென்றது.

எனினும் அவர் முயற்சி யாவும் கைகூடவில்லை என்பதையும் மறைத்தலாகாது. 1995-ல் வந்த ‘வர்ச்சுவல் பாய்’ என்னும் கருவி, செந்நிறம் ஒன்றாலேயே ஆழமுள்ள காட்சியைக் காட்ட முயன்று, தோல்வியுற்றது. ஓராண்டுக்குள் அதன் விற்பனை நின்றது. 1996-ல் யோகோய் கம்பெனியை விட்டு நீங்கித் தமக்கென ஒரு தொழிற்கூடம் நிறுவினார். 1997 அக்டோபர் 4-ல், தமது 56-ஆம் வயதில், சாலை விபத்தொன்றில் உயிர் துறந்தார். அவர் பங்குகொண்டு வகுத்த ‘வொண்டர்ஸ்வான்’ என்னும் கருவி 1999-ல் வெளிவந்தபோது, ஒற்றை மின்கலத்தால் இயங்கியது. அதற்குரிய ஆட்டங்களுள் ஒன்றுக்கு அவர் பெயரையே இட்டனர்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் முதுமொழி. தக்க கருவியில்லை, புதிய யந்திரமில்லை என்று சோதனைச் சாலையிலே குறைகூறி வாளாவிருப்பது நம்மில் பலர்க்கு எளிதாக இருக்கின்றது. கம்பெனியின் பழுதுபார்க்கும் அறையிலிருந்த இளைஞரோ, கைக்கு எட்டிய பொருளையும் கண்ணுக்கு எதிர்ப்பட்ட ஒரு மனிதரின் சலிப்பையும் ஒருங்கே நோக்கினார். அந்த ரயிலில் அக்காட்சி மற்றையோர்க்கும் தெரிந்தே இருந்தது. அதனைக் கருத்தில் வாங்கியவர் அவர். நம் பலகையின்மேல் தூசி படிந்து கிடக்கும் பழங்கருவிகளையும் அவ்வாறே மறுமுறை நோக்குதல் நமக்குக் கடனாம்.